மூலைவிட்டம்

யார்க்டனில் அக்டோபர் பாதியிலேயே தரை இறுகிவிடும்.
கராஜ் கான்கிரீட்டில் முழங்கால் ஊன்றினால்
ஒவ்வொரு எலும்பாய்ப் பெயர் கேட்டுக்கொண்டு
குளிர் மேலே ஏறும்.

எட்டடிக்கு நாலடி. இரண்டங்குலச் சதுரக் குழாய்.
அச்சு ஒரு பழைய படகு டிரெய்லருடையது,
பண்ணை ஏலத்தில் நாற்பது டாலர்;
எனக்கு எதிராக யாரும் கை தூக்கவில்லை.
இதன்மேல் ஒரு பெட்டி வரும், அதற்குள் மெத்தை,
தலைமாட்டில் ஜன்னல்,
பின்கதவைத் தூக்கினால் அடுப்பு.
இப்போதைக்குக் காற்றைச் சுற்றி நாலு கோடு.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்.
காலையில் முப்பத்தொரு பிள்ளைகள்,
மாலையில் அதே முப்பத்தொன்று.
எனக்குப் பின்னால் யாரும் கத்தாத ஒன்றை
ஏரிக்கரைவரை இழுத்துப்போக வேண்டும்,
அவ்வளவுதான் ஆசை.

மூலைக்கு மூலை பொட்டு வைத்தேன்.
முகமூடியை இறக்கினால் இருட்டு,
இருட்டுக்குள் ஒரு கடுகுச் சூரியன்,
அதன் ஓரத்தில் உருகி நெளியும் சிறு குட்டை.
குட்டையைப் பார், வெளிச்சத்தைப் பார்க்காதே என்று
சத்தமாகவே சொல்லிக்கொண்டேன்.
வெல்டிங் மிஷினும் ஹீட்டரும்
ஒரே பிளக்கில் குடித்தனம் செய்யாது.
விரலா, இணைப்பா என்று யோசித்து
ஹீட்டரை அணைத்தேன்.

மூன்றாம் இரவு கதவு தட்டும் சத்தம்.
பக்கத்து வீட்டு ஓரெஸ்ட் ஹ்னாட்யுக்,
பைஜாமாமேல் பனிக்கோட்டு.
வேலி விவகாரத்துக்குப் பிறகு
இரண்டு வருடமாய் எங்களுக்குள் பேச்சில்லை.
"என் படுக்கையறைச் சுவரில் மின்னல் வெட்டுது," என்றான்.
"மழையே இல்லாம."
எதையாவது பற்றவைக்கிறவள் என்று
இந்தத் தெருவில் எனக்கு ஏற்கெனவே பேர்.
சண்டைக்கு நிமிர்ந்தேன்.
அவன் கண் சட்டத்தின்மேல் நின்றுவிட்டது.
"கோணலா இருக்கே."

பொய்ப்பல் செய்கிறவன். வயது முப்பத்திரண்டோ என்னவோ.
இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது.
கோணல் தெரியும்.

டேப்பின் கொக்கியை அவனிடம் நீட்டினேன்.
மூன்று நாளாய்த் தனியாக அளந்து
ஒவ்வொரு முறையும் கொக்கி நழுவி,
சரியாய் இருக்கும் என்று நானே நம்பிக்கொண்ட அளவு.
ஒரு குறுக்கு நூற்றேழரை.
மறு குறுக்கு நூற்றேழே அரைக்கால்.
காலே அரைக்கால் அங்குலம், ஒரு பருத்த பட்டாணி:
என் செவ்வகம் யாருக்கோ தலை சாய்த்திருந்தது.

"பல்லும் இப்படித்தான்," என்றான்.
"ஒன்றை நேராக்கினா பக்கத்துப் பல் கோச்சுக்கும்."

கிரைண்டர் வைத்து ஒரு பொட்டை அழித்தேன்.
நீளமான குறுக்கில் சரக்குப் பட்டையை மாட்டி
ராட்செட்டை அவன் இழுக்க இழுக்க
எண்களைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.
அரைக்கால். இன்னும். இன்னும்.
தாண்டிட்டே, விடு.
மாகாணி. விடாதே.
நூற்றேழே கால், மாகாணி.
அங்கே?
அதேதான்.

திரும்பி நில், கண் போய்விடும் என்றேன்.
பேருந்தில் நான் எழுப்பி நிறுத்தும் பையனைப் போல்
சுவரைப் பார்த்து நின்றான்.
தகரக் கதவில் அவன் நிழல்
துள்ளித் துள்ளி அடங்கியது.
வேலியைப் பற்றி நானும் கேட்கவில்லை.

விடிந்து பார்த்தால் இரும்பு ஆறியிருந்தது.
ஆறும்போது ஒரு மாகாணி மறுபடி நழுவியிருந்தது.
மெத்தைக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.
விட்டுவிட்டேன்.

அடுத்தது ஏர்க்கால்.
இரண்டு குழாயும் முன்னால் கூம்பி
ஒரு புள்ளியில் சேர வேண்டும்,
அந்தப் புள்ளி நட்டநடுவில் இருக்க வேண்டும்.
ஆறு மணிக்குத் தட்டல்.
ஓரெஸ்ட், இந்தத் தடவை முழுக்கால்சட்டையில்.
கையில் சொந்தமாய் ஒரு டேப், மஞ்சள்,
விலைச்சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை.

அதே மூலையிலிருந்து அதே மூலைக்கு
இரண்டாலும் அளந்தோம்.
என்னுடையது ஒன்று சொன்னது,
அவனுடையது வேறொன்று.
எது சரி என்று
இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.