கால் மாத்திரை

நெடிலுக்கு இரண்டு, குறிலுக்கு ஒன்று,
மெய்க்கு அரை.
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குப்
பதினோரு வருடமாக இதைத்தான் சொல்கிறேன்.

மார்கழியில் நான் நெடில்.
பங்குனியில் டாக்டர் குறிலாக்கினார்.
வைகாசியில் மெய்.
மெய் என்றால் உடம்பு என்றும்
கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன்.
இது ஆடி, மகரக்குறுக்கம்.
சவர பிளேடால் நான்காக வெட்டி
ஒன்றை நாக்கில் வைத்து
மூன்றை மடித்து வைக்கிறேன்.
இதற்குக் கீழே இலக்கணத்தில் அளவு கிடையாது.

ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள்.
அதனால்தான் புரோக்கர் குணாளன்
பாதி கமிஷனுக்கு ஒத்துக்கொண்டார்.
சூளைமேட்டு வீட்டுக்காரம்மா
சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை
டார்ச் அடித்து எண்ணினார். ஒன்பது.
நான் வரும்போதே ஆறு இருந்தது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அழுகை வந்துவிட்டது. ஓட்டைக்காக.
அவர் பயந்துபோய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்தார்.
பெயின்டுக்குப் பிடித்த ஒரு மாத வாடகையை
குறைக்கவில்லை.

டேப் கிழிக்கும் சத்தம் பல்லின் வேர்வரை இறங்குகிறது.
பார்வையை வலப்பக்கம் திருப்பினால்
மண்டைக்குள் ஒரு வெட்டு,
மீட்டர் பெட்டியில் பல்லி விழுந்த மாதிரி.
ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம் என்று
பிள்ளைகளுக்கு விரலை நொடித்துக் காட்டுவேன்.
இது அதில் கால்.
காட்ட முடியாது.

அட்டைப்பெட்டிகளின் மேல் எழுதினேன்.
சமையல் ஒன்று. சமையல் இரண்டு. புத்தகம்.
ஏழாவதில் என் கையெழுத்தில்
'ஈரம்' என்று இருக்கிறது.
எப்போது எழுதினேன், எதை நினைத்து?
திறக்கப் பயந்து
இன்னொரு சுற்று டேப் ஒட்டினேன்.

வரும் வண்டி.
வகரத்துக்கு முன்னால் மகரம் குறுகும்,
நான் தரும் எடுத்துக்காட்டு இதுதான்.
வந்துவிட்டது, குட்டியானை,
பின்னால் எத்திராஜும் அவர் மச்சானும்.
பீரோவுக்குத் தோள் கொடுக்குமுன்
எத்திராஜ் என்னை ஒருமுறை பார்த்தார்.
"நீங்க உக்காருங்க மேடம்.
நாங்க கேட்டா மட்டும் சொல்லுங்க."
இரண்டு வாரமாக இப்படி ஒரு வாக்கியத்துக்குத்தான்
காத்திருந்திருக்கிறேன் போல.

கத்திப்பாரா சுற்றியது.
எல்லோருக்கும் சுற்றும்.
எனக்குக் கூடுதலாக ஒரு வளையம்.
மடியில் மிக்ஸி ஜார்.
கீழ்க்கட்டளையில், ஒரு தண்ணீர் லாரியின் நிழலில்
வாந்தி எடுத்தேன்.
மச்சான் இறங்கி
பாட்டிலைத் திறந்து நீட்டிவிட்டு
வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

கோவிலம்பாக்கம், மூன்றாவது மாடி.
லிஃப்டில் 'பழுது' என்று சாக்பீஸில்.
இருபத்துமூன்று பெட்டியும் படியேறின.
இரவு ஒன்பதரைக்குத் தேடினால்
எல்லாம் இருக்கிறது, மாத்திரை இல்லை.
பாதுகாப்பாக வைத்தேன், அதுவரை நினைவிருக்கிறது.
கை நடுங்க ஈரத்தைக் கிழித்தேன்.
கொடியிலிருந்து அப்படியே அள்ளிய துணிகள்,
இன்னும் காயாமல்.
சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.
அந்தத் தரையிலேயே கொஞ்சநேரம்
ஒரு நைட்டியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

பதினொன்றுக்குக் கிடைத்தது, பெருங்காய டப்பாவில்.
யாரும் திறக்க மாட்டார்கள் என்று
நானே நினைத்து நானே வைத்தது.
நாக்கில் வைத்ததும் ரசம் வீசியது.
சிரித்தேன், தனியாக, சத்தமாக.

ஸ்விட்சுக்குக் கை இடப்பக்கச் சுவரைத் தடவுகிறது.
இங்கே அது வலப்பக்கம்.
தெரியும். தெரிந்தும் தடவுகிறது.
நான்கில் மூன்றாவது எதற்கென்று புரியவில்லை.
போட்டேன், அணைத்தேன், போட்டேன்.
கதவு தட்டப்பட்டது.
எதிர்வீட்டு அம்மாள், கையில் பால் பாக்கெட்டோடு.
"அது வராந்தா லைட்டுங்க. உங்க கரண்டுலதான் எரியும்.
மூணு மாசமா இருட்டு."
பிறகு, மெதுவாக,
"ஆடியிலயா வந்தீங்க?"

ஆமாம் என்றேன்.
வேறு மாதம் கிடைக்கவில்லை.

விளக்கை அப்படியே எரியவிட்டேன்.
டப்பாவில் இன்னும் பதினொரு துண்டு.