ஆயா, ஒன்று

‘பென்ஷன் கேசா, நேஷனாலிட்டி கேசா?’
லாசுப்பேட்டை ஆவணக்கூடத்தில்
கணேசபூபதி கேட்ட முதல் கேள்வி.
ரெண்டும் இல்லை என்றேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
யோசித்துவிட்டு ‘இதர’ என்று எழுதினார்,
மீட்டர் பார்க்கப் போன வீடு பூட்டியிருந்தால்
எங்கள் மின்துறையில் எழுதுவதைப்போல.

மூன்று வருடமாய் என் சனிக்கிழமைகள் இப்படி.
துணிக்கட்டை அவிழ்த்தால் அந்துருண்டை வாசம்.
எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது.
அகராதிக்கு அனுமதி உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு.
மர்சேயிலிருந்து சேன்-ஒதில் கப்பல்.
இரண்டாம் வகுப்பு, அறை இருபத்தொன்று:
நீதிபதி. நீதிபதியின் மனைவி.
குழந்தைகள் இருவர், பெயரும் வயதும்.
ஆயா, 1.

பிரெஞ்சில் அது வெறும் எண்.
தமிழில் வாசிக்கும்போதுதான்
ஒன்றா, ஒருத்தியா என்று நாக்கு தடுக்குகிறது.

குருசுக்குப்பத்து அடைக்கலமேரி,
என் பூட்டனுக்கு அக்கா.
அவன் பிள்ளைகளை வளர்த்ததும் அவள்தானாம்.
‘ஒரு கோடை முழுக்கக் கடல்லயே போச்சு அவளுக்கு’
வீட்டில் மிஞ்சிய ஒரே வாக்கியம்.
அதையும் சாராயம் உள்ளே போனால்தான்
மாமா சொல்லுவார்.

இருபத்தாறு நாளில் வரவேண்டிய கப்பல்.
நீர்மூழ்கிகளுக்குப் பயந்து சூயஸை விட்டு
ஆப்பிரிக்காவையே சுற்றியிருக்கிறது.
தக்கார், நிலக்கரிக்காகப் பதினோரு நாள்.
கேப் டவுன்.
தமத்தாவில் பதினெட்டு நாள், காரணம் எழுதவில்லை.
மொத்தம் கூட்டினேன், நூற்றிமூன்று.
மறுபடி கூட்டினேன், நூற்றிநான்கு.
எங்கோ ஒரு நாளை
நானோ கப்பலோ தொலைத்திருக்கிறோம்.

கேப்டனின் ஆணை, நகல், ஓரம் செல்லரித்தது:
பொழுது சாய்ந்தபின் தளத்தில் சுருட்டும் கூடாது.
சன்னல்களை இறுக மூடிய பிறகே விளக்கு.

எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

எங்கள் வீட்டில்
கடல்பக்கச் சன்னலைச் சாத்தாமல்
யாரும் சுவிட்சில் கை வைப்பதில்லை.
கொசு என்பாள் அம்மா.
கொசுவலை அடித்த பிறகும் சாத்துகிறாள்.
காரைக்காலில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சி
கடலே தெரியாத தெருவில் சாத்துகிறாள்.

ரெயூனியனில் நீதிபதி குடும்பம் இறங்கிவிட்டது,
வேறு ஊரில் வேலை.
பட்டியலில் நாலு பெயர் மேலும் கோடு.
அதே இழுப்பில் ஆயாவின் மேலும் கோடு ஓடி
பாதியில் நின்றிருக்கிறது.
பேனா பிடித்தவன் தலை நிமிர்ந்து
தளத்தில் நிற்பவளைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் முப்பத்தொரு நாள்
அவள் யாருக்கு ஆயா?
சின்னவன் கையை விட்டானா, அழுதானா,
எந்தக் காகிதத்திலும் இல்லை.

புதுச்சேரியில் கப்பல் கரைக்கு வராது.
சலங்கில் இறக்கி, அலை தாண்டி,
இரும்புப் பாலத்தில் ஏற்றுவார்கள்.
சுங்கக் கணக்கு வேறு அலமாரியில் இருந்தது,
கணேசபூபதியே தேடிக் கொண்டுவந்தார்.
ஆகஸ்ட் ஒன்பது.
தகரப்பெட்டி ஒன்று.
மர்சேய் சோப்பு, பன்னிரண்டு கட்டி.
குழந்தைக் காலுறை, ஒரு ஜோடி, பழையது.
தீர்வை இரண்டு பணம்.
பெட்டிக்கு உரியவர் என்ற இடத்தில்
பிரெஞ்சு எழுத்தில் தடுமாறி, ஓர் எழுத்தை விழுங்கி,
அடகலமேரி.

சோப்புக்கு வரி போட
ஒரு பெயர் தேவைப்பட்டிருக்கிறது.

‘கேசு முடிஞ்சுதா?’ என்றார்.
கணக்கில் ஒரு நாள் உதைக்கிறது என்றேன்.
அவருக்கும் அது பிடிக்கவில்லை.
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
தமத்தாவ் கட்டை மறுபடி எடுக்கப் போனார்.