அரை டிகிரி

ஷுவைக்கில் இரண்டாவது சந்து.
நாலு ஸ்டாண்டின் மேல் நிற்கிறது
அறுபத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டு பிக்கப்.
வனேத் என்பார்கள் இங்கே.
எஞ்சின் சங்கிலியில் தொங்க,
பானெட் சுவரில் சாய,
முகம் கழற்றிய வண்டியின் முன் நின்று
பூ மிஷாரி சொன்ன நிபந்தனை ஒன்றுதான்:
வெளியே எதுவும் தெரியக் கூடாது,
அடியில் என்ன வேண்டுமானாலும் செய்.

அடியில் ஒற்றை அச்சு.
இடது சக்கரம் கல்லேறினால்
வலதுக்கும் வலிக்கும் வகை.
பட்டைகளின் இடுக்கில் மணல் இறுகி
எது இரும்பு எது மண் என்று
சுத்தியல்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அதன் இடத்துக்கு வந்தது
அம்காராவில் பேரம் பேசி வாங்கிய
கிரௌன் விக்டோரியாவின் முன்பாதி.
ரோந்து வண்டியாக ஓடியது,
கதவில் ஸ்டிக்கர் உரித்த தடம் இருந்தது.
இப்படி ஒன்றுதான் ஜலீபில் என்னை ஓரங்கட்டி
பதாக்கா கேட்டது.
அடித்த கையெழுத்துக்கும் அடிக்காத கையெழுத்துக்கும் நடுவில்
நான் நின்ற பதினோரு நாளில் அது ஒன்பதாம் நாள்.
அதே வண்டியாக இருக்குமோ என்று சிரித்தான் கமருல்.
நான் நம்பர் பார்க்கவில்லை.
போல்ட்டுகளை மட்டும்
தேவைக்கு மேல் நிதானமாகக் கழற்றினேன்.

வெட்டுவதற்கு முன் அளவு.
கொத்தனாரிடம் கடன் வாங்கிய தூக்குக்குண்டை
அச்சின் நடுவிலிருந்து இறக்கி
தரையில் சாக்பீஸ் குறி.
பழைய குறுக்குச்சட்டம் போனதும் சேசிஸ் விரியாதிருக்க
ஒரு கோண இரும்பைப் பொட்டு வெல்டில் ஒட்டினேன்.
பிறகு மூலைக்கு மூலை டேப்.
கமருல் ஒரு எண் சொன்னான்,
நான் ஒரு எண்.
இடம் மாறிப் பிடித்தோம்.
மறுபடியும் பதினொரு மில்லி.
வலது பக்கம் பின்வாங்கி நின்றது.

எங்காவது இடித்ததா என்று போனில் கேட்டேன்.
சால்மி ரோட்டில் ஒரு சிமென்ட் கல்,
நான் பிறக்கும் முன், என்றார் பூ மிஷாரி.
வைத்துவிடுவார் என்று பார்த்தேன். வைக்கவில்லை.
அப்பா ஓட்டும்போது
வலது தோள் தூக்கியே இருக்கும், என்றார்.
பக்கத்து சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வளர்ந்தேன்.
உடம்புவாகு என்று நினைத்திருந்தேன்.

ஜாக்கியும் சங்கிலியும் போட்டு
ஒரு பகல் முழுக்க இழுத்தோம்.
இரும்பு ஒரு தடவை முனகியது,
அப்புறம் வந்தது.
புதுச் சட்டம் உட்கார்ந்தது, புது ஆர்ம்கள், புது ஸ்டியரிங் ரேக்.
ஸ்டியரிங் தண்டுக்கு மட்டும்
எஞ்சினைச் சுற்றி இரண்டு முழங்கை வைக்க வேண்டியிருந்தது.
அலைன்மென்ட் மெஷினில் எல்லா எண்ணும் பச்சை.

நாலாம் நாள் திரும்பி வந்தார்.
நேராகப் போகவில்லை, இடது பக்கம் ஓடுகிறது.

துறைமுக ரோட்டில் நான் ஓட்டினேன்.
கையை விட்டேன்.
நூல் பிடித்த மாதிரி போனது.
அவர் ஓட்டினார், நான் பக்கத்தில்.
மெல்ல மெல்ல இடப்பக்கக் கோட்டைத் தொட்டது வண்டி.
நான் ரோட்டைப் பார்க்கவில்லை.
அவருடைய வலது தோள்
ஒரு விரல்கடை உயர்ந்திருந்தது.

என் அரபியில் இதற்கு வாக்கியம் கிடையாது.
தமிழில் இருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது.

பட்டறையில் அவரை உட்காரவைத்து
வலப்பக்க போல்ட்டைத் தளர்த்தி
காஸ்டரை அரை டிகிரி குறைத்தேன்.
இனி இது கொஞ்சம்,
கேட்டால் மட்டும் கேட்கிற அளவு கொஞ்சம்,
வலது பக்கம் போகப் பார்க்கும்.

ஒரு சுற்றுப் போய்வந்தார்.
ஜன்னல் வழியே கட்டைவிரல் தெரிந்தது.
பில்லில் எல்லா வரியும் எழுதினேன்,
இதற்கு வரி போடவில்லை.

சரியா இருந்ததை எதுக்குக் கோணலாக்கினே
என்று கேட்டான் கமருல்.
அந்தப் பழைய அச்சை ஓரமாக இழுத்துப் போடு,
காலில் இடிக்கிறது, என்றேன்.