கன்னிமூலைக் கம்பம்

பணகுடிக்கு மேற்கே ஆனி மாதத்தில்
காற்று நேராக வருவதில்லை.
ஸ்கூட்டரில் போகும்போது அதன் ஒரு கூறு
நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறது,
இன்னொரு கூறு
தார்ச்சாலையை விட்டு இறங்கு என்கிறது.
முழுக் காற்றை நான் சந்தித்ததே இல்லை.

வடக்கிலிருந்து வரும் மின்பாதை
தவசிக்கனியின் தோட்ட மூலையில்
கிழக்கே திரும்புகிறது.
மூன்று கம்பிகளும் சேர்ந்து
வடக்கே முந்நூறு கிலோ, கிழக்கே முந்நூறு.
அறுநூறு என்பார்
கூட்டல் மட்டும் தெரிந்தவர்.
தொகுபயன் நானூற்று இருபத்து நாலு.
கம்பம் ஈசான மூலையைப் பார்த்துச்
சாயப் பார்க்கிறது.
ஆகவே கன்னிமூலையில் குழி தோண்டி
ஸ்டே கம்பி கட்ட வேண்டும்.

கட்ட வேண்டும் என்று நான் காட்டிய இடத்தில்
நாலு ஏத்தன் வாழை,
குலை தள்ளி இருபது நாள்.

"உங்க கம்பத்துக்குக் கன்னிமூலை,
என் தோட்டத்துக்கு அதுதாம்மா ஈசான மூலை.
அங்கன கொண்டு கான்கிரீட்டை எறக்கச் சொல்லுதீயளே."
வயர்மேன் செய்யதலி சிரிப்பை மறைக்கத்
திரும்பி நின்று பீடி பற்றவைத்தார்.
பற்றவில்லை.

"வேணும்னா கம்பத்தை ஒட்டிக் கட்டிக்கிடுங்க,
ஆறடிக்குள்ள."
கைபேசியில் கோசைன் தட்டினேன்.
நாற்பத்தைந்து பாகை என்றால்
கம்பி தாங்க வேண்டியது அறுநூறு கிலோ.
அறுபதில் எண்ணூற்று ஐம்பது.
ஆறடிக்குள் கட்டினால் எழுபத்தைந்து பாகை,
ஆயிரத்து அறுநூறைத் தாண்டுகிறது.
கம்பம் கேட்பதோ அப்போதும்
அதே நானூற்றுச் சொச்சம்தான்.
மற்றதெல்லாம் சைனுக்குப் போகிறது,
கம்பத்தின் உச்சந்தலையை
மண்ணை நோக்கி அழுத்துவதற்கு.

வள்ளியூர் அலுவலகத்தில் ஒரு கோப்பை
மூன்று வருடம்
எழுபத்தைந்து பாகையில் இழுத்திருக்கிறேன்.
கை காய்த்தது.
மேசைதான் இன்னும் கொஞ்சம் ஆழமாய் ஊன்றிக்கொண்டது.

தவசிக்கனி என் திரையைப் பார்க்கவில்லை.
தன் வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
வாழைக்கு வாழை ஒரு சவுக்குக் கம்பு,
சாய்வாக,
எல்லாம் காற்று தள்ளும் பக்கம்.
"இழுக்காதீய" என்றார்.
"முட்டுக் குடுங்க."
கை நீட்டிய பக்கம் ஓடைப் புறம்போக்கு,
யாருக்கும் எந்த மூலையும் இல்லாத நிலம்.

அதே முக்கோணம்.
குறி மட்டும் மாறிவிட்டது.
கட்டி இழுத்திருந்தால் மண்ணில் அழுந்தியிருக்கும் கம்பம்
முட்டுக் கொடுத்ததும்
மேலே எழும்பப் பார்க்கிறது,
பல்லைப் பிடுங்குவது போல.
கம்பத்தின் எடை முந்நூற்று ஐம்பது.
போதாது.
அடியில் ஒன்றரை மூட்டை சிமெண்ட் சேர்த்து எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
"நில உரிமையாளர் ஆட்சேபம்".
யோசனை சொன்னவர் பெயரை எழுதப்
படிவத்தில் இடமில்லை.

ஆடி ஏழாம் தேதி, விடியுமுன் போன்.
"அம்மா, உங்க கம்பம் ஒரு நூல் அசையல."
சரி என்றேன். அவர் வைக்கவில்லை.
அந்தப் பக்கம் காற்று பேசிக்கொண்டிருந்தது.
"அந்த நாலு வாழையும் போச்சு."

"கம்பு ஊனலையா?"
"உங்க வேலை முடியட்டும்னு இருந்தேன். பொறவு மறந்துட்டு."

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்:
"எந்தப் பக்கமா விழுந்திருக்கு?"

"எங்க விழும்?
ஈசானத்துக்குத்தான்."