ஊதாப் புள்ளி

அச்சுவேலியிலிருந்து வந்த பெடியன்
பிரிஜ்ஜுக்கு மேல் வைத்துவிட்டுப் போனான்,
பனங்கொட்டை அளவில் ஒரு கறுத்த சாமான்.
"அக்கா, இனி ரிமோட் ஒண்டும் தேவையில்லை."

நாலு ரிமோட்டையும் மேசையில் பரப்பி
ஒவ்வொரு பொத்தானாய் அதன் முகத்துக்கு நேரே அமத்தினான்.
டிவியினது, பொலித்தீன் உறை இன்னும் கழற்றாதது.
ஏசியினது, குளிர் கூட்டும் அம்புக்குறி மட்டும் தேய்ந்தது.
ஃபானுடையதுக்கு மூடி தொலைந்து ரப்பர் வளையம்.
மற்றது எப்போதோ பிளேன்ரீ குடித்தது.
பீப், பீப் என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.
என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட
இவ்வளவு கெதியாய்ப் பாடம் ஏற்றதில்லை.

பிறகு சூரிச்சுக்குக் கோல் எடுத்து
"கோபிதரன் அண்ணை, இப்ப அமத்திப் பாருங்கோ" என்றான்.
கொக்குவிலில், என் அறைக்குள்
ஏசி வாய் திறந்தது.

அன்றிலிருந்து
இரவு பதினொன்றரைக்கு என் குளிர் நிற்கும்.
அங்கே எட்டு மணி.
உணவகத்துச் சமையலறையில் கையைத் துடைத்துவிட்டு
இவர் கரண்ட் பில்லை நினைப்பார்.
என்மேல் கோபமில்லை. யூனிற் கணக்கு அப்படி.
சித்திரையில் யாழ்ப்பாணம் எப்படி அவியும் என்று
இவரின் போனிலும் ஓர் எண் வரும்தான்.
எண் வியர்க்காது.

பெடியன் போகும்போது ஒன்று சொன்னான்:
"இது வெளிச்சம்தான் அக்கா, கண்ணுக்குத் தெரியாது.
கமராவுக்குள்ளாலை பாத்தால் தெரியும்."

பார்த்தேன்.
பதினொன்று இருபத்தொன்பதுக்கு லைற்றை அணைத்து
போனை அதற்கு நேரே பிடித்துக்கொண்டு.
திரையில்
ஊதாவாய் ஒரு புள்ளி
துடித்தது, துடிதுடித்தது, இல்லாமற் போனது.
ஏழு வருசத்தில்
இவரின் பெருவிரலை
அவ்வளவு கிட்ட நான் கண்டதில்லை.

அடுத்த கிழமை மூடிவிட்டேன்.
முதலில் எவர்சில்வர் சட்டி.
உடனே கோல்: "வைஃபை போட்டுதோ? ஓஃப்லைன் எண்டு காட்டுது."
பிறகுதான் பீங்கான் கோப்பை.
பீங்கான் வைஃபையை விடும்,
வெளிச்சத்தை விடாது.
இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

பதினொன்றரை.
அங்கே திரையில் "ஓஃப்".
இங்கே இருபத்திரண்டில் நான், போர்த்திக்கொண்டு.
அந்தச் சாமானுக்குச் சொல்லத்தான் தெரியும்,
கேட்கத் தெரியாது.
சொன்னதெல்லாம் நடந்ததென்று
தன்பாட்டில் நம்பிக்கொண்டிருக்கும்.

மாதக் கடைசியில் பில் வந்தது.
கூடின காசை என் சம்பளத்தில் கட்டினேன்.
படம் எடுத்து அனுப்பியபோது
என் பெருவிரல் தொகையின் மேல் கிடந்தது.
இவர் ஒன்றும் கேட்கவில்லை.

நேற்றுக் கோப்பையைக் கழுவப் போட்டு
மறந்துபோனேன்.
பதினொன்றரைக்கு அறை நின்றது.
முதுகு பாயோடு ஒட்ட, புரண்டு புரண்டு
விடியப்புறம் மூன்று மணி.
முன்னறையில் டிவி தானாய் எரிந்தது.
மரக்கறி நறுக்கும் மெஷின் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

கோல் இல்லை. மெசேஜ் இல்லை.
அங்கே கடைசி ட்ராமில் இருப்பார்.
தட்டுப்பட்டிருக்கும்.
இல்லையென்றால், தட்டியிருப்பார்.

சத்தம் ஒன்று ஏறியது. பன்னிரண்டு. பதின்மூன்று.
கொஞ்சம் நின்று
ஒன்றொன்றாய் இறங்கியது.
"நித்திரையோ?" என்று
கதவுக்கு வெளியே நின்று கேட்கிற மாதிரி.
இல்லை என்று சொல்ல
அதில் பொத்தான் இல்லை.

மெஷின் கரட்டை முழுதாய் நறுக்கி முடிக்கும்வரை
கதிரையில் இருந்தேன்.
பிறகு பொலித்தீன் உறை போட்ட ரிமோட்டைத் தேடியெடுத்து
நானே அணைத்தேன்.
இவரின் போனில் அது இன்னும் எரிந்துகொண்டிருக்கும்.
எரியட்டும்.

காலமை அந்தக் கோப்பையில்தான்
தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.
இரவுக்குக் கழுவி வைப்பேனோ தெரியாது.