ஞானஸ்நானத் தொட்டியின் கணக்கு

தண்ணீர் வந்து தண்ணீரைக் கொண்டுபோன
ஐந்தாம் வாரம்.
டோங்காட் முழுக்கக் குழாய்கள் வெறுங்காற்றை இருமின.
எங்கள் சபையில் மட்டும்,
மேடைக்குப் பின்னால், நீலத் தார்ப்பாயின் கீழே,
இரண்டாயிரத்து நூறு லிட்டர்
அசையாமல் கிடந்தது.

நான் பொருளாளன்.
எனக்கு லிட்டர் தெரியும், ராண்ட் தெரியும்.
ஈஸ்டருக்கென்று நிரப்பியது அது.
குளோரின் மாத்திரைக்கு ரசீது என்னிடம் இருக்கிறது.
வெள்ளத்தால் தள்ளிப்போன ஞானஸ்நானம் வரும் ஞாயிறு.
ஒரே ஒருத்திக்கு:
தெவாஷ்னி படையாச்சி, சர்க்கரை ஆலையில் இரவு வேலை.
வீட்டாரின் கோபம் ஆறட்டும் என்று
மூன்று வருடம் காத்திருந்தவள்.

வியாழன் கமிட்டி.
ஹம்பனாதிக்குத் தண்ணீர் வண்டி வரவே இல்லை என்றார் பாஸ்டர்.
அதற்காக ஜெபித்தோம்.
நன்றாகவே ஜெபித்தோம், இருபது நிமிடம்.
பிறகு துண்டுப் பிரசுரம் பற்றிப் பேசினோம்:
பாட்டில் ஒன்றுக்கு ஒரு வசனம்,
ஸுலுவிலா, ஆங்கிலம் போதுமா.
பாட்டிலுக்குள் ஊற்றத் தண்ணீர் எங்கே என்று
யாரும் கேட்கவில்லை.
எல்லாரும் தார்ப்பாயைப்
பார்க்காமல் பார்த்தோம்.

கதவோரம் தெவாஷ்னி, ஆலைச் சீருடையில்.
"அதை எடுங்க" என்றாள்.
ஆங்கிலத்தில்தான் சொன்னாள்;
தமிழில் எழுதும்போது இன்னும் சின்னதாகிவிடுகிறது.
"எதை?" என்றேன் நான்,
தெரியாதவன்போல.

வெள்ளிக்கிழமை குழாய் வைத்து உறிஞ்சினோம்.
முதல் வாய் என் வாய். கசப்பு.
வரிசை மதிலைத் தாண்டி
மாரியம்மன் கோயில் வளைவு வரை போனது.
பெயின்ட் வாளி, எண்ணெய் கேன்,
கைப்பிடி இல்லாத ஒரு பிரஷர் குக்கர்.
கோயில் தர்மகர்த்தா நாயக்கரும் நின்றார்,
இரண்டு பித்தளைக் குடங்களோடு.
போன வருடம் எங்கள் ஒலிபெருக்கிமேல்
நகராட்சிக்குப் புகார் எழுதியவர்.
அவர் குடத்தை நான் விளிம்பு வரை நிரப்பவில்லை.
இதையும் கணக்கில் எழுதுகிறேன்.

ஹம்பனாதியிலிருந்து நடந்து வந்த ஹ்லெங்கிவே
இருபது லிட்டரைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு கேட்டாள்:
இது எதற்கு வைத்திருந்த தண்ணீர்?
ஞானஸ்நானத்துக்கு ஸுலு வார்த்தை
நாக்கில் வரவில்லை.
"கழுவ" என்றேன்.
சிரித்தாள். "எனக்கும் அதற்குத்தான்,
மூன்று நாள் பிள்ளைத் துணி."

பிரசுரக் கட்டு மேசைமேல் இருந்தது,
பறக்காமலிருக்க ஒரு செங்கல் வைத்து.
செங்கலை யாரும் எடுக்கவில்லை.

நாலு மணிக்கு அடி தெரிந்தது.
நீல ஓடுகள், ஒரு ஹேர்பின்,
யாருடைய முழுக்கிலோ கழன்ற சட்டைப் பொத்தான்.
இருபத்தாறு வருடமாய் இந்தத் தரையை
நான் பார்த்ததே இல்லை.
உள்ளே இறங்கிய அந்த ஒரே நாள்
கண்ணை இறுக்க மூடியிருந்தேன்.

ஞாயிறு. தெவாஷ்னி வெள்ளை அங்கியில் வந்தாள்.
தெளித்துவிடலாமே என்றார் ஒருவர்.
நாம் தெளிக்கிற சபை இல்லை என்றார் இன்னொருவர்.
காணிக்கைப் பாட்டு முடிந்தும் வாதம் முடியவில்லை.
அவள் அங்கியின் கையை மடித்துக்கொண்டு
காலித் தொட்டிக்குள் இறங்கி
வண்டலைக் கூட்ட ஆரம்பித்தாள்.

திங்கள் காலை மறுபடி வரிசை.
தீர்ந்துவிட்டது என்று சொல்ல வாசலுக்குப் போனேன்.
முன்னால் நாயக்கர், கையில் குடம் இல்லை.
கோயில் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதாம்,
மோட்டாருக்குத்தான் மின்சாரம் இல்லையாம்.
"உங்க ஜெனரேட்டர் வேணும்.
அதான், அந்த ஒலிபெருக்கிக்கு வச்சிருக்கீங்களே."

நாலு பேர் தூக்கினோம்.
வளைவுக்குக் கீழே மூச்சு வாங்கும்போது
டீசல் யார் கணக்கு என்று கேட்டேன்.
கேட்டிருக்க வேண்டாம்.

நோட்டில்: ஜெனரேட்டர் ஒன்று, கோயிலுக்கு.
திரும்பும் தேதி போடவில்லை.
நிலுவைப் பக்கத்தில் இன்னும் ஒரு பெயர்.
ராத்திரி வேலை முடிந்து
இப்போதுதான் தூங்கப் போயிருப்பாள்.