எர்த் குழி

பழையபேட்டையில் எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி மலை.
பகலெல்லாம் குடித்த வெயிலை
ராத்திரி பன்னிரண்டு வரை திருப்பிக் கொடுக்கும்.
கடன் வைக்காத பாறை.

எனக்கு ராத்திரி ஷிப்ட்.
மாம்பழக் கூழ் கம்பெனியில் குளிர்கிடங்கு.
மணிக்கொரு தரம் முள்ளைப் பார்த்து
மைனஸ் பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்திடுவேன்.
கூழுக்கு அவ்வளவு குளிர் வேண்டும்.
எனக்குப் பகலில் நாலு மணி நேரத் தூக்கம் போதும்.

பழைய ஜன்னல் ஏசி சித்திரையில் செத்தது.
அப்சல் வந்து திறந்து
உள்ளேயிருந்து ஒரு குருவிக் கூட்டை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு
“புதுசு மாட்டலாங்க்கா. ஆனா லோடு பத்தாது” என்றான்.

இணைப்பு மாமனார் பேரில்.
திம்மராயப்பன் போய்ப் பதினோரு வருஷம்;
இரண்டு மாதத்துக்கொரு முறை இன்னும் அவருக்குத்தான் பில் வருகிறது.
ஒரு நாளும் பாக்கி வைக்காத மனுஷர்.
செத்தவர் கூடுதல் பளு கேட்க முடியாதாம்.
அதனால் முதலில் வாரிசுச் சான்று,
அதற்கு இறப்புச் சான்று,
அதில் அவர் பேரில் ஒரு ‘ப்’ குறைந்திருந்தது.
அந்த ஒற்றைப் புள்ளி எழுத்துக்காகத்
தாலுகா ஆபீசுக்கு நாலு நடை.

நாத்தனார் நாகவேணி குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்து
ஆட்சேபணை இல்லை என்று எழுதினாள்.
எழுதி முடித்தும் தாளைக் கொடுக்கவில்லை.
“கரண்டுக்கு மட்டுந்தானே? வீட்டுக்கு இல்லையே?”

வைகாசி முழுக்க ஈரத் துண்டைப் போர்த்திப் படுத்தேன்.
பத்தே நிமிஷத்தில் அது அப்பளம்.

ஒரு வழியாக ஆய்வுக்கு முனிரத்தினம் வந்தார்.
ஃபேன் மூணு. பல்பு ஆறு. மிக்சி.
“அயர்ன் பாக்ஸ்?”
இருக்கு சார், ஆனா துணியை மடிச்சுப் பாய்க்கு அடியில வெச்சிடுவேன்.
ஓர் அயர்ன் பாக்ஸ் என்று எழுதிக்கொண்டார்.
மீட்டர், மெயின், வயரின் கனம்.
“எர்த்…” என்று தனக்குத் தானே சொல்லி
நான் வாய் திறப்பதற்குள் ஒரு டிக் போட்டார்.

அந்த டிக்கை எனக்குத் தெரியும்.

போன ஆனியில் ஒரு நாள்
மூணு மணிக்கே ஆறு மணி வரைக்கும்
மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு
எழுதி வைத்துவிட்டு அட்டைப் பெட்டிமேல் சாய்ந்தேன்.
மூணேகாலுக்குக் கம்ப்ரசர் நின்றிருக்கிறது.
விடிந்தபோது கதவோரம் பனி உருகித் தரை நனைந்திருந்தது;
முள் மைனஸ் நாலில்.
நோட்டில் மட்டும்
என் கையெழுத்துக்கு மேலே
உறைந்தபடியே இருந்தது குளிர்.

“சார், குழியைப் பாருங்க.”
“நல்லாத்தாம்மா இருக்கும்.”
“நீங்க பார்க்கலை.”
அப்சல் என்னை முறைத்தான்.

பாத்திரம் கழுவும் கல்லுக்குப் பக்கத்தில் சிமெண்ட் மூடி.
நெம்பினால் ரெண்டடி ஆழம்; அதற்குக் கீழே மலை.
உப்பும் கரியும் கொட்டியதாகச் சொன்ன இடத்தில்
செங்கல் துண்டும் ஒரு ஷாம்பு கவரும்.
பச்சை பூத்த கம்பி எதையும் தொடாமல்
வளைந்து நின்றது,
கல்யாணத்துக்குப் பேருக்கு வந்த பங்காளி மாதிரி.
இதை நம்பித்தான் இத்தனை வருஷம்
ஈரக் கையோடு ஃப்ரிட்ஜைத் திறந்திருக்கிறேன்.

முனிரத்தினம் குந்தி வெகுநேரம் பார்த்தார்.
பிறகு அந்த டிக்கை அடித்தார்,
தாள் கிழிகிற மாதிரி.
“தெருப் பக்கம் மண் இருக்கும். எட்டடி தோண்டுங்க.
நான் திரும்பப் பார்த்துத்தான் எழுதணும்.”
திரும்ப என்றால் பதினாறு நாள்.

அப்சல் தோண்டுகிறான். கல் உப்புக்கும் கரிக்கும்
தனிக் கணக்கு என்று நாலு தரம் சொல்லிவிட்டான்.
புது ஏசி கூடத்தில் அட்டைப் பெட்டிக்குள்.
அதன் நிழலில் படுத்துப் பார்த்தேன்; ஒன்றுமில்லை.

நேற்று ராத்திரி மூணு மணிக்கு
எழுந்து போய் முள்ளைப் பார்த்தேன்.
மைனஸ் பதினேழு.
பதினேழு என்றே எழுதினேன்.
காலையில் சூப்பர்வைசர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.
“இதை எதுக்கு எழுதினீங்க?”